முதல் ஆயிரம் கிலோமீற்றர்

புதிய மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் சுவரில் நுண்கீறல்கள் இருக்கும். பிஸ்டன் வளையங்கள் அவற்றோடு உரசிப் பொருந்துவது முதல் சில நூறு கிலோமீற்றர்களில்தான். அப்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் முறுக்கி விரட்டினாலும் கேடு; ஒரேயடியாகப் பொத்திப் பொத்தி ஓட்டினாலும் வளையம் சரியாகப் பொருந்தாது. பிழை உடனே தெரியாது. ஒயில் எரிந்து புகை தள்ளும்போது வண்டி வேறொருவர் கையில் இருக்கலாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீளத் தொடங்கும்வரை நம்மிடையே பெரும்பாலும் பழைய வண்டிகளே கைமாறின. முன்பின் அறியாதவரின் நிதானத்தையோ அவசரத்தையோ விலை கொடுத்து வாங்கினோம்.

இரண்டு வருடத்தில் விற்கப் போகிறவர் ஏன் அடங்கி ஓட்ட வேண்டும்? தனக்காக என்றால் அது சிக்கனம். சாட்சியில்லாத வீதியில், இனி வரப்போகிறவருக்காக என்றால் அதுதான் அமானிதம்.