தகட்டின் சூடும் எள்ளின் எண்ணெயும்

எள்ளை ஆட்டினால் எண்ணெய் வருகிறது, மணலை ஆட்டினால் வருவதில்லை என்ற எளிய உண்மையைப் பற்றிக்கொண்டு நம் தேசத்துத் தரிசனகாரர்கள் பல நூற்றாண்டுகள் வாதம் புரிந்திருக்கிறார்கள். காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்துக்குள் மறைந்து இருக்கிறது என்றார்கள் சாங்கியர். அப்படியன்று, காரியம் என்பது முன்பு இல்லாத புதுப்பொருள், காரணங்கள் கூடுமிடத்தில் அது ஆரம்பமாகிறது என்று நியாய வைசேஷிகர் மறுத்தார்கள். சைவ சித்தாந்திகளோ இவ்விஷயத்தில் சாங்கியரின் பக்கம் நின்று, சத்காரியவாதத்தைத் தம் சாஸ்திரத்தின் அஸ்திவாரங்களுள் ஒன்றாகவே வைத்துக்கொண்டார்கள். இந்த வழக்கு என்றோ தீர்ந்து ஏடுகளோடு பரணில் ஏறிவிட்டது என்று எண்ணுகிறவர்கள், இன்று வட அமெரிக்காவில் சில வீடுகளின் பின்கட்டில் நடக்கும் ஒரு சிறு தொழிலைச் சற்றுப் பொறுமையோடு கவனிப்பார்களானால், அதே வழக்கு இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மறுபடியும் விசாரணைக்கு வந்திருப்பதைக் காண்பார்கள்.

அத்தொழில் கஞ்சாச் செடியின் பூவிலிருந்து பிசினைப் பிழிந்தெடுப்பது. அச்செடியின் பெண்பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், மெல்லிய காம்புகளின் உச்சியில் பளிங்குக் குமிழ்களைப் போன்ற சுரப்பிகள் நெருக்கமாக நிற்பது தெரியும். செடியின் மணமும் குணமும் பெரும்பாலும் அக்குமிழ்களுக்குள்ளேயே அடக்கம். அதை வெளியே கொணர்வதற்கு, பியூட்டேன் போன்ற கரைப்பானை ஊற்றிக் கரைத்துப் பின்பு அக்கரைப்பானை ஆவியாக்கி விரட்டும் முறை ஒன்று உண்டு. வீட்டு அறைகளில் அதைச் செய்யத் துணிந்து, தேங்கி நின்ற வாயு ஒரு பொறியில் பற்றிக்கொள்ள, வீடும் மனிதரும் வெந்துபோன விபத்துகள் பல நேர்ந்திருக்கின்றன. கானடா தேசம் 2018 அக்டோபர் 17 முதல் இச்செடியைச் சட்டத்தின் வரம்புக்குள் அனுமதித்தபோதும், வீட்டில் இத்தகைய கரைப்பான்களைக் கொண்டு சாரம் இறக்குவதை அனுமதிக்கவில்லை. ஆகையால் வீட்டில் செய்வோர் வேறு வழியை நாடினார்கள்: பூவையோ அதிலிருந்து சலித்தெடுத்த பொடியையோ நுண்ணிய நைலான் பையில் அடைத்து, அதைச் சிலிக்கோன் பூசிய காகிதத்துக்குள் வைத்து, சூடேற்றிய இரண்டு தகடுகளுக்கு இடையே அழுத்துவது. வழிந்து வரும் பொன்னிறப் பிசினை ரோசின் என்கிறார்கள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இப்பூவையும் பிசினையும் விலக்கியே வைத்திருக்கிறது. மயக்கம் தரும் பொருளை நாடுவது மனிதனுக்கு நன்மையா என்று என்னைக் கேட்டால் நன்மையன்று என்றே சொல்வேன். ஆயினும் விசாரத்துக்கு வரும் பொருள் உயர்ந்ததாயிருந்தால்தான் விசாரம் உயரும் என்பதில்லை. குயவன் வனையும் மண்பானையைக் கொண்டே ஈசுவரனின் சிருஷ்டியை விளக்கியவர்கள் நம் ஆசிரியர்கள்.

தகட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் இத்தொழிலின் நுட்பமெல்லாம் குவிந்திருக்கிறது. தகட்டின் உடலில் துளையிட்டுச் செருகிய மின்சாரக் குச்சிகள் சூட்டை ஊட்ட, உள்ளே பதித்த உணர்கருவி ஒன்று அச்சூட்டை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. அச்சூடு தகட்டின் நடுவிலும் விளிம்பிலும் ஒரே அளவாகப் பரவ வேண்டும். பரவாவிட்டால் ஒரு மூலையில் பூ கருகும், மறு மூலையில் பிசின் இளகாமலே நிற்கும். துருப்பிடிக்காத எஃகு உறுதியானது, எதனோடும் எளிதில் சேராது. ஆனால் சூட்டைக் கடத்துவதில் அது மந்தம். அலுமினியக் கலவை அதைவிடச் சுமார் 10 மடங்கு நன்றாகக் கடத்தும். செம்பு அலுமினியத்தையும் மிஞ்சுமென்றாலும், காற்றும் ஈரமும் அமிலமும் பட்டால் களிம்பேறும் குணம் அதற்கு உண்டு. ஆகவே அலுமினியத்தையே பெரும்பாலோர் கொள்கிறார்கள். அதன் மேற்பரப்பை மின்முறையில் கடினமான ஆக்சைடு படலமாக மாற்றிக்கொள்வதும் வழக்கம். தகடு கனமாயிருந்தால் தன்னுள் சூட்டைச் சேமித்து வைத்திருக்கும்; குளிர்ந்த பை வந்து பட்டவுடன் திடுக்கிட்டுத் தணியாது. அகலமும் முக்கியம். ஐந்து டன் விசை 75 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறக்குறைய 67 கிலோ எடையைத் தாங்கும். பரப்பை இரட்டித்தால் அழுத்தம் பாதியாகிவிடும். அன்றியும், அகன்ற தகட்டின் நடுவில் பிறந்த பிசின் விளிம்பை எட்டுவதற்குள் சூட்டின்மேல் நெடுந்தூரம் ஊர வேண்டியிருக்கிறது, அந்தப் பயணத்திலேயே அதன் நிறமும் மணமும் கெடுகின்றன என்பதால், நீண்டு குறுகிய தகடுகளை விரும்புவோர் பலர்.

இத்தனை கவனமும் எதற்காகவென்று கேட்டால், அத்தொழிலில் ஈடுபட்டோர் சொல்லும் விடையில் ஒரு தத்துவம் இருக்கிறது. நாங்கள் எதையும் சேர்க்கவில்லை, பூவில் இருந்ததையே வெளியே கொண்டுவந்தோம், ஆகையால் இது பரிசுத்தமானது என்கிறார்கள். சாங்கிய காரிகைக்கு உரை வகுத்த வாசஸ்பதி மிச்ரர் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். உள்ள பொருள் வெளிப்படுவதற்கு அவர் காட்டும் திருஷ்டாந்தங்கள், எள்ளைப் பிழிய எண்ணெயும் நெல்லைக் குற்ற அரிசியும் பசுவைக் கறக்கப் பாலும் வருவதேயல்லவா? கருவி எதையும் படைப்பதில்லை, மறைப்பை நீக்குகிறது. நீங்கியபின் நிற்பது எப்போதும் இருந்ததே. பக்தி உலகமும் இந்த உவமையை ஆசையோடு ஏற்றுக்கொண்டது. சுவேதாசுவதர உபநிஷத்தின் முதல் அத்தியாயத்தில், எள்ளில் எண்ணெயும் தயிரில் நெய்யும் ஆற்றுப்படுகையில் நீரும் அரணிக் கட்டையில் தீயும் இருப்பதுபோல் ஆத்மாவினுள்ளே பரம்பொருள் இருக்கிறது என்று சொல்லப்படுகிறது. உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்துக்கொண்டால் போதும், புறத்திலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள் கொண்டு ஆறுதல் அடைகிறவர்கள் இன்றும் ஏராளம்.

ஆனால் அந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமா என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம். மணலைத் தோண்டினால் நீர் அப்படியே கிடைக்கிறது. தோண்டியவன் நீரை மாற்றவில்லை. எண்ணெயும் அழுத்தத்தில் ஏறக்குறைய அப்படியே வருகிறது. நெய்யோ தயிரில் நெய்யாக இல்லை. கடைந்து வெண்ணெயாக்கி, அவ்வெண்ணெயை உலையில் வைத்து உருக்கினாலொழிய அது நெய்யாவதில்லை. தீயின் கதை இன்னும் தூரம். கட்டையை எத்தனை துண்டாகப் பிளந்து பார்த்தாலும் ஓர் இடத்திலும் தீ கிடைக்காது. இருத்தல் என்ற ஒரே சொல் நான்கு இடத்தில் நான்கு விதமாக இருக்கிறது. எங்கெல்லாம் சூடு புகுகிறதோ அங்கெல்லாம் வெளிப்படுத்தல் என்ற சொல் மட்டும் போதாமல் போகிறது. ரோசின் தகடு எள்ளின் கட்சியா, தீயின் கட்சியா?

இங்கே ரசாயன சாஸ்திரம் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. பசுமையான பூவிலுள்ள குமிழில் பெரும்பாலும் இருப்பது மயக்கம் தரும் பொருளே அன்று, அதன் அமில வடிவம்; அதற்கு அம்மயக்க சக்தி இல்லை. சூடு பட்டவுடன் அவ்வமிலத்தின் மூலக்கூறு தன்னிடமிருந்து ஒரு கரியமிலவாயு மூலக்கூறைக் கழற்றி விடுகிறது. அப்படிக் கழன்றதன் மிச்சமே மயக்கம் தரும் டி.எச்.சி. அமிலத்தின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 358, மிஞ்சுவதன் எடை 314; எட்டில் ஒரு பங்கு காற்றோடு போய்விட்டது. தகட்டில் வைக்கும் சூடு பொதுவாக 70 முதல் 105 டிகிரி சென்டிகிரேடு வரை, வைக்கும் நேரமோ சில நிமிஷங்கள். ஆதலால் அங்கே இம்மாற்றம் சிறிதளவே நிகழ்ந்து, மீதி பிறகு புகைப்பவனின் நெருப்பில் நிறைவேறுகிறது. ஆனாலும் தொடங்கி வைத்தது தகடுதான். எதையும் சேர்க்கவில்லை என்ற கூற்று முழு உண்மை. எதுவும் மாறவில்லை என்ற கூற்று அதிலிருந்து பிறக்காது. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவதே பரிசுத்தத்தைப் பற்றிய நம் எண்ணங்களில் உள்ள பெரும் பிழை என்று கருதுகிறேன்.

நியாயமும் வைசேஷிகமும் இந்தச் சூட்டின் விஷயத்தில் தமக்குள்ளேயே பிணங்கியவை. பச்சைப் பானை சூளையில் வைத்தபின் சிவக்கிறதே, அச்சிவப்பு எங்கே பிறந்தது? தீ பட்டதும் பானை பரமாணுக்களாகப் பிரிந்து, அப்பரமாணுக்களில் நிறம் மாறி, அவை மறுபடி கூடிப் பானையாகின்றன என்றார்கள் வைசேஷிகர்; அதற்குப் பீலுபாகம் என்று பெயர். கண்முன் பானை கலையாமல் நிற்கும்போது பிரிந்து கூடியது என்பதை எப்படி ஒப்புவது, நுண்துளைகளின் வழியே தீ புகுந்து முழுப் பானையையே மாற்றுகிறது என்றார்கள் நையாயிகர், அது பிடரபாகம். இன்றைய ரசாயனம் இவ்விருவரில் எவரையும் முழுதும் வழிமொழியாது. ஆனால் சூடு என்பது வெறும் திரை விலக்கும் கை அன்று, அது பொருளின் குணத்துக்குள் புகுந்து வேலை செய்கிறது என்று அவர்கள் இருவரும் ஒருமித்துக் கண்டது, அந்நாளில் ஒரு சூளையைத் தவிர வேறு ஆய்வுக்கூடம் இல்லாதவர்கள் கண்டது, என்னை வணங்கச் செய்கிறது.

காரியம் புதிதாகப் பிறக்கிறது என்ற இந்தப் புதுமைவாதத்தைக் கண்டு ஆஸ்திகர் பலர் அஞ்சியதற்கு வலுவான காரணம் இருந்தது. உலோகாயதர் எடுத்துக்காட்டியதே மயக்க சக்தியைத்தான். தனித்தனியே மயக்கம் இல்லாத சரக்குகள் கூடிப் புளித்தால் கள்ளில் மயக்கம் பிறப்பதுபோல, அறிவற்ற பூதங்கள் கூடி உடம்பானபோது அறிவு பிறந்தது, உடம்பு கலைந்தால் அறிவும் கலைந்தது, ஆன்மா என்று தனியே ஒன்று இல்லை என்பது அவர்கள் வாதம். மயக்கமற்ற அமிலம் தகட்டின் சூட்டில் மயக்கப் பொருளாவதை அவர்கள் கண்டிருந்தால் வெற்றி முரசு கொட்டியிருப்பார்கள். ஆனால் நிகழ்ந்ததை உற்றுப் பார்த்தால் அம்முரசுக்கு இடமில்லை. கள்ளில்போல இங்கே பல கூடி ஒன்றாகவில்லை. ஒன்றிலிருந்து ஒன்று கழன்றது. மிஞ்சிய மூலக்கூறு அமிலத்தின் அங்கமாக முன்பே இருந்தது. ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துணுக்கு அதன் தொழிலைத் தடுத்து நின்றது. கழிவதனால் சக்தி வெளிப்படுகிற இந்த நிகழ்ச்சி சாங்கியர் சொன்ன வெளிப்பாடும் அன்று, வைசேஷிகர் சொன்ன ஆரம்பமும் அன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒன்று.

அந்த நடுவிடத்தைச் சைவ சித்தாந்தம் தனக்கே உரிய வழியில் அறிந்திருந்தது என்று துணிந்து சொல்வேன். ஆன்மாவின் அறிவு புதிதாக ஊட்டப்படுவதன்று. ஆயினும் அது இப்போதே நிறைவாக விளங்குவதும் அன்று. செம்பில் களிம்புபோல ஆணவமலம் அனாதியாகவே அதைப் பற்றி நிற்கிறது. அம்மலம் பரிபாகம் அடைந்தாலொழிய அறிவு தொழிற்படாது. பரிபாகம் என்பது திரை விலக்குதலைவிட உலையில் வைத்தலுக்கே நெருங்கியது. மலத்தின் பரிபாகத்துக்கும் தகட்டின் சூட்டுக்கும் உள்ள பேதத்தை மறைக்க நான் விரும்பவில்லை: அங்கே விடுபட்டு எழுவது தெளிவு, இங்கே எழுவது மயக்கம். கட்டுக் கழன்றதனாலேயே எழுந்ததெல்லாம் நல்லதாகிவிடாது என்பதும் இந்தப் பேதத்திலிருந்தே தெரிகிறது.

இனித் தகட்டுக்கே திரும்புவோம். மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சித்தாந்திகள் மூன்றாக வகுத்தார்கள். தகடு அவற்றுள் துணைக்காரணம். கதிரவன் தன்னில் விகாரம் அடையாமல் நிற்க, அவன் சந்நிதியில் ஒரு தாமரை மலரவும் மற்றொன்று வாடவும் காண்பதை அவர்கள் சிவனுடைய செயலுக்கு உவமை காட்டினார்கள். தகடும் தன்னில் ஒன்றும் இழக்காமல், பிசினில் தன் உலோகத்தின் சுவடைப் பதிக்காமல் நிற்க வேண்டும் என்பதே அதைத் தேர்ந்தெடுப்பவனின் விருப்பம். அவ்வளவில் உவமை பொருந்துகிறது. ஆனால் தகட்டுக்குப் பக்குவம் அறியும் அறிவு இல்லை. அமிலத்தின் துணுக்கைக் கழற்றும் அதே சூடுதான் பூவின் மணத்தைச் சுமக்கும் இலேசான தைலங்களையும் ஆவியாக்கித் துரத்துகிறது. இன்னும் ஏறினால் பிசின் மிகுதியாக வழியும், ஆனால் கறுத்து வழியும். எது போகத் தக்கது, எது தங்கத் தக்கது என்று சூடு கேட்பதில்லை. அந்தக் கேள்வி நிமித்தகாரணனாகிய மனிதன்மேல் விழுகிறது. கருவியின்மேல் குற்றம் சாற்றி அவன் தப்ப முடியாது.

ஆசாரியனைத் தேடும் மாணாக்கனும், விரதமும் நியமமும் பூணும் சாதகனும் தங்களை ஒரு சூட்டுக்கு ஒப்புக்கொடுப்பவர்களே. எனக்குள் இருப்பதுதானே வெளிவரப் போகிறது, எந்தச் சூடாயிருந்தால் என்ன என்று எள்ளின் உவமையை நம்பி அவர்கள் அசட்டையாக இருக்கலாகாது. கடும் உபவாசத்தில் அகந்தையோடு இரக்கமும் ஆவியாகிப் போன சந்நியாசிகளை உலகம் கண்டிருக்கிறது. கடிந்தே கற்பித்த ஆசிரியர் கையில் பிழையோடு ஆர்வமும் அற்றுப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர். சூட்டின் அளவும், அது எங்கும் சமமாகப் பரவுகிறதா என்பதும், அதன்மேல் எத்தனை நேரம் கிடக்கிறோம் என்பதும், கிடக்கிற பொருள் எது என்பதற்குச் சற்றும் குறையாத விசாரங்கள்.

அத்தொழிலில் தேர்ந்தவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். மிகுதியாகப் பிழிய ஆசைப்படுபவர் சூட்டை ஏற்றுகிறார். மணத்தை மதிப்பவர் 80 டிகிரியை ஒட்டி நிறுத்தி, அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டி, குறைவாக வருவதைக் குறையென்று நினையாமல் எடுத்துக்கொள்கிறார். அப்படி எடுத்ததைக் கண்ணாடிச் சீசாவில் மூடி அறையின் குளிர்ச்சியிலேயே சில நாள் விட்டுவைத்தால், தெளிந்து நின்ற பிசினில் அமிலம் நுண்ணிய படிகங்களாகத் திரண்டு, அது வெளுத்துக் குழைந்து வெண்ணெயின் பதத்துக்கு வந்துவிடுகிறது. அந்த மாற்றத்துக்குத் தகடும் வேண்டியிருக்கவில்லை, அழுத்தமும் வேண்டியிருக்கவில்லை. சாங்கியரும் வைசேஷிகரும் அந்தச் சீசாவுக்கு என்ன விடை சொல்லியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இருவரில் சாங்கியருக்கே அங்கே நா எளிதாக எழும் என்று தோன்றுகிறது.