பகலில் வீட்டில் இருப்பவர்

"அம்மா, இதுக்கு முடி கொட்டாது. சின்ன ஜாதி, ஃப்ளாட்டுக்குத் தோதானது. உனக்கு ஒரு வேலையும் வைக்காது."

2021 ஜூன், ஊரடங்கு நேரம். ஓர் அட்டைப்பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு என் மகள் சொன்னது இது. உள்ளே அச்சுவெல்ல நிறத்தில், சுருள் முடியோடு, உள்ளங்கை இரண்டை ஒட்டி வைத்தால் அதற்குள் அடங்கும் ஒரு குட்டி. மால்டீஸுக்கும் பூடிலுக்கும் பிறந்த கலப்பு, மால்டிபூ என்கிறார்கள். நிறத்தைப் பார்த்துப் பேத்தி 'அச்சு' என்று பெயர் வைத்தாள்.

அப்போது எங்கள் சேலையூர் வீடு நிறைந்திருந்தது. மருமகன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு, மகள் படுக்கையறையில், பேத்தி ஆன்லைன் வகுப்பில். குட்டி ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கொண்டே வளர்ந்தது. மறு வருடம் பள்ளி திறந்தது. அலுவலகங்களிலிருந்தும் அழைப்பு வந்தது. ஒருவர் கிண்டிக்கு, ஒருவர் ஓ.எம்.ஆருக்கு. காலை எட்டரை மணிக்குக் கதவு சாத்தினால் இரவு ஏழரை வரை வீட்டில் இரண்டே பேர், அதுவும் நானும். நாய் வாங்கலாமா என்று பேசி முடிவெடுத்தவர்கள் மூன்று பேர். அந்தப் பேச்சில் நான் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அச்சு இல்லாத ஒரு பகலை இன்று என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் தாம்பரம், செம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் புதுக் குடியிருப்புகளில் இந்தச் சுருள் முடிக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. முடி கொட்டாது, இடம் அடைக்காது என்ற இரண்டு காரணங்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பகல் பதினோரு மணி நேரத்தை யார் கொடுப்பது என்று கணக்குப் பார்த்த வீடு ஒன்றையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

பூடிலை அலங்காரப் பொம்மை என்று நினைப்பவர்கள் அதிகம். அது வேட்டை நாய். சுட்டு வீழ்த்திய நீர்ப்பறவையைக் குளிர்ந்த தண்ணீரில் நீந்திப் போய் எடுத்து வரப் பழக்கியது. மூட்டிலும் மார்பிலும் மட்டும் முடியை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மழிக்கும் அந்த வேடிக்கையான வெட்டுகூட, நீந்த இலகுவாக இருக்கவும் மூட்டுக்குக் குளிர் ஏறாமல் இருக்கவும் வந்ததுதான். எசமானின் முகத்தைப் பார்த்தே அடுத்த வேலையைப் புரிந்துகொள்ளும் அறிவு அதற்கு. மால்டீஸோ பல நூற்றாண்டுகளாக மடியில் வைத்துக் கொஞ்சவே வளர்க்கப்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? நான் அடுப்படிக்குப் போனால் அடுப்படி வாசலில், குளிக்கப் போனால் குளியலறைக் கதவடியில். சாவிக்கொத்தை எடுக்கும் சத்தத்துக்கும், அலமாரிச் சாவியை எடுக்கும் சத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியும். முதல் சத்தம் கேட்டால் எழுந்து வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் குணத்துக்குத்தான் நாம் மயங்குகிறோம். அதன் நோயும் அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், மூன்று நாள் நான் ஊரில் இல்லை. பகலில் வீடு பூட்டியிருந்தது. முதல் நாள் மதியம் வரை குரைத்து, பிறகு ஊளையிட்டிருக்கிறது. இரண்டாம் நாள் கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டில் கைக்குழந்தை, அவரைக் குறை சொல்ல முடியாது. நான் திரும்பியபோது முன்னங்கால் ஒன்றை நக்கி நக்கித் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. கிண்ணத்தில் வைத்த சாப்பாடு அப்படியே காய்ந்து கிடந்தது.

போதாததற்கு அது எங்கள் வீட்டுக்கு வந்த வயதும் தவறு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எங்கள் குட்டிக்கு அப்போது பால் பல்கூட முழுதாக முளைத்திருக்கவில்லை. தாயிடமும் கூடப்பிறந்தவையிடமும் கற்க வேண்டியதைக் கற்காமல் வந்த குட்டி அது. பயமும் ஒட்டுதலும் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

முடி கொட்டாது என்பதற்கு வருகிறேன். உண்மைதான், பெரும்பாலும் கொட்டாது. ஆனால் உதிர்கிற முடி போகாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு நாள் சீப்பு படாவிட்டால் காதுக்குப் பின்னாலும், கழுத்துப்பட்டை உரசும் இடத்திலும், அக்குளிலும் சடை விழும். சடைக்கடியில் நம் ஊர் வியர்வைக் காலத்து ஈரம் தங்கி, தோல் வெந்துபோகும். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. மேலாகச் சீவிவிட்டு, பளபளவென்று இருக்கிறதே என்று திருப்திப்பட்டேன். க்ரூமிங் கடையில் கொடுத்தபோது அவிழ்க்க வழியில்லை என்று மொத்தமாக மழித்தார்கள். உள்ளே கொத்துக் கொத்தாகப் புண். அன்றைக்கு அது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

இப்போது தினமும் மதியம் மூன்று மணிக்கு, பழைய பருத்திப் புடவை ஒன்றை மடியில் விரித்து உட்காருகிறேன். பல் நெருங்கிய இரும்புச் சீப்பு. இடது கையால் முடியை வகிடு எடுப்பதுபோல் பிரித்து, தோல் தெரிகிற வரை விலக்கி, நுனியிலிருந்து தொடங்கி வேரை நோக்கி வர வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் வலிக்கும். சிக்கு அகப்பட்டால் விரலால் மெல்லப் பிய்த்து இரண்டாக்கி, நான்காக்கி, அப்புறம்தான் சீப்பு. காதைத் திருப்பி மோந்து பார்ப்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொங்கு காதுக்குள் ஈரம் நின்றால் புளித்த மாவு வாடை வரும். அது சீழுக்கு முந்தின அறிகுறி. கால் விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பேன்.

அந்த உண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 கோடையில் அச்சு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஈறு வெளுத்திருந்தது, வயிற்றுத் தோலில் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் இறங்கியிருந்தன. எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல், பழுப்பு உண்ணி பரப்புவது. நம் ஊர் வெப்பத்துக்கு அந்த உண்ணி வருடம் முழுக்கப் பெருகும். சீக்கிரம் கண்டுபிடித்ததால் நான்கு வார மாத்திரையில் பிழைத்தது. நிலைமை மோசமானால் 'வேப்பேரிக்குக் கொண்டு போங்க' என்பதுதான் இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ஆனால் விரல் இடுக்கில் இருக்கும் உண்ணியை வேப்பேரி வந்து எடுக்காது. வீட்டில் பகலில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும்.

வெயிலும் அப்படித்தான். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும். மூச்சிரைத்து, நாக்கின் ஈரம் ஆவியாகித்தான் உடல் சூடு தணியும். காற்றே ஈரமாக இருக்கும் நம் ஊரில் அது எளிதில் நடக்காது. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கியது. பூடில் அந்தப் பட்டியலில் இல்லை. மூக்கு நீளமாக இருப்பதால் பக் போலத் திணறாது, முடியைக் குட்டையாக வைத்தால் சமாளிக்கும். ஆனால் நடை காலை ஐந்தரைக்கு, கிறித்தவக் கல்லூரி மரங்களின் பக்கமிருந்து காற்று வரும் நேரத்தில் முடிந்துவிட வேண்டும். மாலையில் இருட்டிய பிறகும், தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துத்தான் இறக்குவேன்.

ஒவ்வாமை வராது என்று சொல்லி விற்கிறார்களே, அது முடியை மட்டும் பொறுத்ததல்ல. எச்சிலிலும் தோல் பொடியிலும் இருக்கும் புரதம்தான் தும்மலுக்குக் காரணம். பூடில் கலப்புகளின் மோகத்தைத் தொடங்கிவைத்த கதையிலேயே இது தெரிகிறது. 1980களின் இறுதியில், ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் சங்கம் ஒன்றில் வேலை பார்த்த வாலி கான்ரனுக்கு ஹவாயிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. பார்வையற்ற பெண், அவர் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார் கான்ரன். பிறந்த மூன்று குட்டிகளில் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றுதான். மற்றவற்றை வளர்க்க ஆளில்லை, கலப்பு வேண்டாம் என்றார்கள். 'லாப்ரடூடில்' என்று பெயர் சூட்டி அறிவித்த பிறகுதான் கேட்டு வந்தார்கள். நோய்ப் பரிசோதனை எதுவும் இல்லாமல் எதையும் பூடிலோடு சேர்த்துக் காசாக்கும் கூட்டம் பெருகியதைப் பார்த்து, இதைத் தொடங்கியதற்காக வருந்துவதாக 2019-ல் அவரே பேட்டியில் சொன்னார்.

எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் படுத்திருக்கும் கறுப்பியும் கலப்புதான். குட்டை முடி, சீப்பு வேண்டாம், மே மாத வெயிலை நிழல் தேடியே கடந்துவிடுவாள். அவள் போட்ட குட்டிகளை யாரும் விலை கேட்டதில்லை. பெயர் சூட்ட ஆளில்லாத ஒரே காரணத்தால் அவை தெருநாய் ஆயின. என்னைக் கேட்டிருந்தால் அந்தக் குட்டிகளில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். இதை அச்சுவைத் தடவிக்கொண்டே எழுதுகிறேன். இரண்டுமே எனக்கு உண்மை.

பூடில் கலப்பு தாம்பரத்து வீட்டுக்கு ஏற்றதா என்று கேட்டால் என் பதில் இது: பகலில் ஆள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது, எட்டரைக்குப் பூட்டி ஏழரைக்குத் திறக்கும் வீட்டுக்கு ஏற்றதே அல்ல. அந்த ஆள் உங்கள் அம்மாவோ மாமியாரோ என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள். முழங்கால் வலிக்கிறதா, தரையில் உட்கார முடியுமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்று கேளுங்கள். சிறு நாய் பதினான்கு, பதினைந்து வருடம் இருக்கும். சாம்பாரில் இருக்கும் வெங்காயமும், பாயசத்தில் மிதக்கும் திராட்சையும் அதற்கு விஷம் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். அன்பு மிகுதியில் முதலில் அவர்தான் ஊட்டுவார்.

அச்சுவுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. எனக்கு அறுபத்து நான்கு. போன மாதம் மகளை அருகில் உட்காரவைத்து, வகிடு எடுப்பது எப்படி, சிக்கை எங்கிருந்து பிரிப்பது என்று காட்டிக் கொடுத்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாகச் சீப்பு அவள் கையில் இருக்கிறது.