கோல் கைமாறும் நேரம்

கோலகங்சாரில் பிறந்த மலேசிய ஓட்ட வீரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். 100 மீட்டர், 200 மீட்டர் தங்கங்கள் அவர் தனியாக ஓடி வென்றவை. மூன்றாவது தங்கம், நால்வர் சேர்ந்து ஓடிய அஞ்சல் ஓட்டத்தில் வந்தது.

குனோங் ராபாட்டில் பிள்ளைகள் அஞ்சல் ஓட்டம் பழகும் மாலையில் திடலோரம் சற்று நின்று பாருங்கள். கோலை வாங்கப்போகும் பிள்ளை, ஓடிவரும் தோழனைப் பார்த்தபடி காத்திருக்கிறது. தோழன், குறியிட்ட இடத்தைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமல் ஓடத் தொடங்குகிறது. குரல் கேட்டதும் உள்ளங்கையை விரித்துக் கையைப் பின்னால் நீட்டுகிறது. முதலில் கோல் பலமுறை கீழே விழும். "யார் விட்டது?" என்று பயிற்றுநர் அதட்டினால், பிள்ளைகள் ஒருவரையொருவர் கைகாட்டக் கற்றுக்கொள்வார்கள். "எடுங்க, மறுபடியும் ஓடுங்க" என்றால், ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொள்வார்கள்.

விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கும் ஜெகதீசனே பதில். 16 வயதில் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியவர், பின்னர் மருத்துவரானார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடிப் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. அத்தகைய சாதனையையும் ஒருநாள் இளையவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கைகளை வளர்ப்பதே பயிற்றுநரின் கடமை.

இன்று திடலிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்று கேட்கும் முன், "கூட்டாளிக்கு எப்படித் துணையா இருந்தே?" என்று கேளுங்கள்.