வாங்கின கடன்

அம்மாவின் நோட்டு மழையில் நனைந்து கூழாகிவிட்டது. ரத்தக் கொதிப்பு என்று முதன்முதலில் சொன்ன நாளிலிருந்து எழுதிய நோட்டு. ஓட்டுக்கும் கைமரத்துக்கும் இடையில் சொருகி வைத்திருந்தாள். அம்லோடிபின் மாத்திரை போட்டால் அவளுக்குக் கால் வீங்கும். அதை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்த விவரம் அந்த நோட்டில்தான் இருந்தது. நோட்டு போனபின் வாயால் சொன்னாள். சீட்டு வரிசையில் நிற்கும் ஒரு சேரிக் கிழவியின் வாய்ச்சொல்லை யார் கணக்கில் எடுப்பது? அதே மாத்திரையை மறுபடியும் எழுதினார்கள். பத்து நாளில் கால் பூசணிக்காய் மாதிரி ஆனது. எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த முறை அம்மாதான் அங்கே போய் நிற்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வைத்தியம் நமக்கு வேண்டாம், அது நம் உடம்பை வேவு பார்க்கும் கண் என்று தோழர் ஒருவர் கூட்டத்தில் பேசினார். அவர் பயம் நியாயமானது. ஆனால் எழுதப்படாமல் போனதும் நமக்கு நடந்த கொடுமைதான். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். நாடி பிடித்த அதே கையோடு, மக்கள்தொகைக் கணக்கில் நம்மை என்ன பேரில் எழுதுவது என்றும் மல்லுக்கட்டியவர். ஆகவே எழுதலாமா கூடாதா என்று நான் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு போகிறவர்கள் அதற்கப்புறம் எவ்வளவு காலத்துக்கு நமக்குக் கடமைப்பட்டவர்கள்? அந்தக் கடமைக்கு எந்தப் பையிலிருந்து காசு வர வேண்டும்?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்குக் கம்ப்யூட்டர் பதிவு வந்த வழியைப் பாருங்கள். 2005இல் தொடங்கி 2015இல் முடிந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் உலக வங்கிக் கடனில் நடந்தது. மருத்துவமனை மேலாண்மைத் தகவல் முறை அதன் கீழ்தான் வந்தது. 2019இல் மறுபடியும் உலக வங்கி, 28 கோடியே 70 லட்சம் டாலர். இந்த இரண்டாவது கடனில் ஒரு விசேஷம்: இன்னின்ன பலன் கிடைத்தது என்று கணக்குக் காட்டக் காட்டத்தான் பணம் வரும் என்று ஏற்பாடு. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனுக்கு 2022 பிப்ரவரியில் அமைச்சரவை 5 ஆண்டுக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் கீழ் 2023 ஜனவரி 1 முதல் ஒரு ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. நிர்ணயித்த எண்ணிக்கைக்கு மேல் இணைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் மருத்துவமனைக்கு 20 ரூபாய். தனியார் மருத்துவமனையும் வாங்கலாம் என்றார்கள், மென்பொருள் கம்பெனிக்கும் ஒரு பங்கு வைத்தார்கள்.

10 வருசம், 5 வருசம் என்று திட்டங்களுக்கு ஆயுள் எழுதியிருக்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்கு அப்படி ஆயுள் கிடையாது, சாகிறவரை கூடவே வரும். மிஷின் வாங்குவது ஒருநாள் செலவு. கரண்டு, இணையக் கட்டணம், ரிப்பேர், எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்து எழுதுகிற ஆளுக்குச் சம்பளம், இதெல்லாம் தினச் செலவு. மூன்றாம் வருசம் பேட்டரி மாற்றுவதற்கு எந்த மந்திரியும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்.

முடியாத காரியமா என்றால் இல்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மாவட்ட மருந்துக் கிடங்குகளைக் கம்ப்யூட்டர் கணக்கில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வருசத்துக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று வரவு, எடுக்க எடுக்கக் கழிவு. பணம் மாநில பட்ஜெட்டில் வருசா வருசம் வருகிற மருந்துச் செலவு. அதிலிருந்தே கழகம் தன் நடப்புக்குச் சேவைக் கட்டணம் எடுத்துக்கொள்கிறது. முப்பது வருசம் தாண்டியும் ஓடுகிறது. வேறு மாநிலங்களும் பார்த்துச் செய்தன. அங்கே எழுதுகிற ஒவ்வொரு எழுத்துக்கும் மறுமுனையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கிறது. மாத்திரை வேண்டுமென்றால் கணக்கும் உயிரோடு இருந்தாக வேண்டும்.

எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவருகிறவள் எங்கள் தெருப் பெண்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுய உதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாக எடுத்தது. கையில் பி.பி. மிஷின், செல்லில் பதிவு. போன வாரம் வந்தவள் செல்லை மலைப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இரு அத்தே, டவர் இல்ல, ஏறமாட்டேங்குது."

"அது ஏறுது, ஏறாட்டிப் போவுது. மாத்திர கீதா?"

"கீது அத்தே, இந்தா."

"உனுக்கு இன்னா சம்பளம்மா?"

"சம்பளம் இல்ல அத்தே, ஊக்கத்தொகை."

அம்மா சிரித்தாள். பௌர்ணமி முடிந்த விடியலில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் கூட்டுகிற ஆட்களில் ஒருத்தியாக இருந்தவள் அவள். ஒப்பந்தக்காரர் நோட்டில் அவள் பேருக்கு நேரே கடைசிவரை நாள்கூலிதான். எம்.ஏ. தமிழ் படித்த எனக்குத் தன்னார்வலர் என்ற சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. தன் ஆர்வத்தில் செய்கிறாள் என்று சொல்லிவிட்டால் சம்பளம் கேட்க வாய் வராது. இத்தனை கோடி மிஷனும் கடைசியில் இந்தச் சொல்லின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

உலக வங்கிக் கடனுக்குத் தவணை தப்பாது. அரசு வட்டியோடு கட்டும்; கட்டுகிற காசில் அம்மா வாங்குகிற தீப்பெட்டி, சோப்பு வரியும் இருக்கிறது. சரி, அம்மாவிடம் வாங்கினது? வயசு, கொதிப்பு, சர்க்கரை, ஆதார் எண் எல்லாம் கையை நீட்டித் தந்தாள். அதுவும் கடன்தான் என்கிறேன். அவளைப் போன்றவர்களின் பதிவுகளைக் காட்டித்தான் 20 ரூபாயும் வந்தது, பலன் கணக்கும் நிறைந்தது, அடுத்த தவணை டாலரும் இறங்கியது. அந்த 20 ரூபாயை அவள் கையிலேயே கொடுத்துவிடலாமே என்றால், அது உடம்பை விற்ற மாதிரி ஆகிவிடும். விற்றவளுக்கு அப்புறம் பாத்தியதை கிடையாது. அவளுக்குத் திரும்பி வர வேண்டியது வேறு. எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும், கால் வீங்கின சேதி அவளுக்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும். இன்றைக்கும், 10 வருசம் கழித்தும். அப்படியென்றால் அந்தப் பதிவைக் காக்கிற செலவு, பென்சன் மாதிரி, வருசா வருசம் மாநில பட்ஜெட்டில் எழுத வேண்டிய கணக்கு. அந்தப் பெண்ணின் சம்பளமும் அதிலேயே வர வேண்டும். ஊக்கத்தொகையாகவும் திட்டமாகவும் வருவதை ஒருநாள் நிறுத்திவிட்டால் நாம் எந்த வாசலில் போய்க் கேட்பது?

மாத்திரைக்குக் காசு இல்லை, மிஷினுக்கு மட்டும் இருக்கிறது என்கிற நாள் வந்தால் மிஷினை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். ஏடு மட்டும் நமக்கு, பொருள் வேறு ஆளுக்கு என்பது நாம் பார்த்த கதை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார், 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. ரெவின்யூ ரெக்கார்டில் பாட்டன் பேர் இருந்தது. நிலத்தில் ஏர் ஓட்டினது யார்? அந்த ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் புது நோட்டு வாங்கி பிளாஸ்டிக் கவர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் கிளம்பும்போது அம்மா கூப்பிட்டுக் கேட்டாள்.

"கால் வீங்கனத எழுதனியா?"

"நோட்டுல எழுதிட்டேன் அத்தே. செல்லுல ஏறனதும் வந்து சொல்றேன்."