குன்றும் சின்னானும்

கொல்லாமை என்றவுடன் நம் எண்ணம் உணவின்பாலே செல்கின்றது. இரவுணவை விலக்குகின்றோம், நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். காலால் மிதிக்கும் தரைக்கல்லைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைக் குன்றுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்றொரு பறவை வாழ்கின்றது. தென்னிந்தியாவிற்கு வெளியே இது எங்குமில்லை. 1845இல் ஜெர்டன் என்னும் மருத்துவர் இதனை அறிவியல் உலகிற்கு அறிவித்தார். கொண்டைக்குருவிக்கு உறவு, ஆயினும் கொண்டை இல்லை. ஏறக்குறைய ஒரு சாண் நீளம். தலையும் தொண்டையும் மஞ்சள். மிகுந்த கூச்சமுடையது. குரல் கேட்கும், உருவம் புலப்படாது. பழங்களையும் பூச்சிகளையும் உண்டு, உண்ட பழத்தின் விதைகளைக் குன்றெங்கும் தூவிச் செல்லும்.

இதற்குப் பாறையும் வேண்டும், அதனிடையே முட்புதரும் வேண்டும். சமவெளியின் நடுவே தீவுகள்போல் தனித்து நிற்கும் குன்றுகளில் இவ்விரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. அக்குன்றுகளைத்தான் கிரானைட்டுக்காக அறுக்கின்றோம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்பறவையை அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் வைத்துள்ளது; கல்லுடைப்பு அதற்கொரு காரணம்.

பறவையை யாரும் அடிக்கவில்லை. வெட்டுபவர் கல்லை மட்டும் வெட்டுகிறார். வாங்குபவர் பளபளப்பை மட்டும் பார்க்கிறார். இது ஹிம்சையாகுமா? பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிர்க்கு ஊறு செய்வதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் இலக்கணம். அங்குக் கையைவிடக் கவனமே முதன்மை பெறுகின்றது.

"இல்லறத்தானுக்குத் தொழிலாலும் மனை வாழ்வாலும் நேரும் ஹிம்சை முற்றும் விலக்கப்படவில்லையே" என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அச்சலுகை தேவைக்கு உரியது. காவி பூசிய சிமெண்டுத் தரையில் நம் பெற்றோர் குறைவின்றி வாழ்ந்தனர். நம் முனிவர்களுக்காகவும் முன்னோர் குன்றுகளில் கல்லைச் செதுக்கினர். ஓர் உடல் கிடக்கும் அளவிற்குக் கற்படுக்கை அமைத்து, அவ்வளவோடு நிறுத்தினர்.

கல்லுடைத்துப் பிழைப்போரின் வயிறு என்னாவது என்னும் வினா எளிதன்று. அதனை அக்கூலியாளர்மேல் சுமத்துவதும் முறையன்று. மிகையாக வாங்கும் நம்மிடமே அது தொடங்குகின்றது. இவ்வாண்டு வீடு கட்டும் குடும்பத்தினர், எந்தக் குன்றின் கல் என்று விற்பவரை வினவலாம். விடை வராமலும் போகலாம். அப்போது, பழைய வீடுகளை இடிக்கும் இடத்தில் கிடைக்கும் கல் போதுமா என்று பார்க்கலாம்.