மாத்திரையை விட்டவர்

காசநோய் மாத்திரையை நோயாளி விழுங்குவதை இன்னொருவர் எதிரே நின்று பார்க்க வேண்டும். 1990களில் உலக சுகாதார நிறுவனம் டாட்ஸ் என்ற பெயரில் நாடு நாடாகக் கொண்டுசென்ற திட்டத்தின் முக்கிய விதி இது. ஒருவரை நம்பாமல் அவருக்கு மருந்து கொடுப்பது சரியா?

விதிக்குக் காரணம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. காசநோய் காற்றில் பரவுகிறது. ஆறு மாத மருந்தை, இருமல் நின்ற தெம்பில் இரண்டாம் மாதமே விட்டால், மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். வீட்டுக் குழந்தைக்கும் அதே கிருமி தொற்றலாம். என் உடம்பு, என் விருப்பம் என்ற வாதம் இங்கே எடுபடாது. 2023-இல் மட்டும் உலகில் சுமார் 1.08 கோடிப் பேரை இந்த நோய் பிடித்தது, ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். மருந்து இருக்கும் நோய்க்கு இத்தனை சாவு.

இந்த விதியின் வேர் பழையது. 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழைக் காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்து நல்ல சாப்பாடும் ஓய்வும் தந்தார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் இது வெளியான பின், பல நாடுகளில் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. குடிசையில் இருப்பவரும் குணமாவார் என்று காட்டிய அதே ஆய்வில்தான், சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அந்தச் சந்தேகம்தான் பின்னாளில் விதியாக வளர்ந்தது.

அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் தினக்கூலிக்காரர்கள். சுகாதார நிலையத்துக்குப் போன காலை, வேலை கிடைக்காத காலை. வராதவருக்கு ‘டிஃபால்ட்டர்’ என்று பெயர், கடன் கட்டாதவரைச் சொல்வதுபோல. 2013-இல்தான் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. எச்.ஐ.வி.யிலும் இதே ஆபத்து உண்டு: மருந்தை இடையில் விட்டால் கிருமி மருந்தை எதிர்க்கும் திறன் பெறலாம். ஆனாலும் தாம்பரம் உட்பட எட்டு மருத்துவமனைகளில் 2004-இல் இலவச எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிய பின், ஒரு மாத மாத்திரையைக் கையிலேயே கொடுத்தனுப்பும் பழக்கம் வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் உலகெங்கும் சங்கமாகத் திரண்டு உரிமை கேட்டார்கள். காசநோயாளிகளுக்கு அந்த அளவுக்குக் குரல் இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மருத்துவக் காரணத்தால் மட்டும் நியாயப்படுத்த முடியாது என்றே தோன்றுகிறது.

2024-இல் இந்தியாவின் பல மாநிலங்களில் காசநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. நோயாளிகள் வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்போது விட்டவர் யார்? அதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு பெயர் இல்லை.

கண்காணிப்பைத் தவிர வேறு வழியும் உண்டு. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023-இல் தெரியவந்தது. இந்திய அரசு 2018 முதல் நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பரில் அது 1000 ஆனது. பலருக்கு முதல் தவணையே மாதங்கள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.