ஊருக்குக் கேட்காத அழுகை

குருத்தோலை ஞாயிறன்று ஓசன்னா பாடி ஊர்வலம் போகிறோம். அதே ஊர்வலத்தின் நடுவே நடந்த ஒன்றை லூக்கா மட்டும் எழுதி வைத்திருக்கிறார். ஒலிவ மலைச் சரிவில் சீடர்கள் ஆரவாரம் செய்துகொண்டு இறங்க, இயேசு எருசலேமைப் பார்த்து அழுதார் (19:41). லாசருவின் சாவிலும் அவர் கண்ணீர் விட்டதாக யோவான் சொல்கிறார். ஆனால் கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் இல்லை. யோவானின் சொல் கண்ணீர் வழிவதைக் குறிக்கிறது. லூக்காவின் சொல் வாய்விட்டு அழுவது, இழவு வீட்டில் எழும் அழுகை. செத்துப்போன நண்பனுக்குச் சத்தமில்லாத கண்ணீர். உயிரோடு, பண்டிகைக் கூட்டத்தோடு இருக்கிற ஊருக்கு ஒப்பாரி. இந்தக் கணக்கு எனக்கு நேராக வரவே இல்லை.

எனக்கு மட்டுமல்ல. சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகர ஆயர் எப்பிபானியுஸ் நான்காம் நூற்றாண்டில் ஒரு விஷயத்தைப் பதிவுசெய்தார். திருத்தப்படாத லூக்கா பிரதிகளில் ‘அழுதார்’ என்ற சொல் இருக்கிறது. அதற்கு அஞ்சி நீக்கியவர்களோ வேதப்புரட்டர்கள் அல்லர், நம்பிக்கையில் பிசகாதவர்களே. பக்திமான்கள் கடவுளின் கண்ணைத் துடைத்துவிட்டார்கள். அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மனிதர் விலகினால் வாடி, திரும்பினால் மலரும் கடவுள் நம் கைப்பொம்மை ஆகிவிட மாட்டாரா? பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம் இதற்கு நுட்பமான வழி கண்டார்: இரக்கத்தின் பலன் நமக்கு எட்டுகிறது, அதன் வேதனை கடவுளைத் தொடுவதில்லை. அறிவுக்கு இது பொருந்துகிறது. ஆனால் ஓசியாவின் பதினோராம் அதிகாரத்தை வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. அங்கே எப்பிராயீமைக் கைவிட மனமில்லாமல் கடவுள் தமக்குள்ளேயே போராடுகிறார். கோபத்தை நிறைவேற்ற மாட்டேன் என்று முடிவெடுக்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம், தாம் மனிதனல்ல, கடவுள் என்பது. கலங்குவது மனிதகுணம், கலங்காதது தெய்வகுணம் என்று நாம் பிரித்து வைத்ததை ஓசியா தலைகீழாக்கிவிடுகிறார். உருகி நிற்பதே அங்கே தெய்வத்தின் அடையாளமாகிறது.

சரி, அழட்டும். எல்லாம் வல்லவர் ஏன் அழ வேண்டும், ஊரைத் திருப்பிவிடலாமே என்று கேட்கலாம். இழுத்து வர முடிந்தும் இழுக்காதவருக்குத்தான் இப்படி ஓர் அழுகை மிஞ்சும் என்று நினைக்கிறேன். மாற்கு சொல்லும் பணக்காரர் முகம் வாடிப் போனபோதும் இயேசு பின்னால் ஓடவில்லை. சொத்தில் பாதியை விற்றால் போதும் என்று பேரத்தைத் தளர்த்தவும் இல்லை. இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு: கண்ணீரே ஒரு பலவந்தம். நம் வீடுகளில் இது தெரியாதவர் யார்? பிள்ளை காதில் விழும் தூரத்தில் அடுப்படியில் விசும்பும் அம்மா, எந்த அதட்டலையும்விடப் பலமாகப் பிள்ளையைக் கட்டிப்போடுகிறாள். இங்கேதான் அந்தச் சரிவு எனக்கு முக்கியமாகிறது. 1955இல் அங்கே கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. கட்டியவர் அந்தோனியோ பர்லூச்சி. பலிபீடத்துக்குப் பின்னுள்ள சன்னல் மேற்கே திறக்கிறது. அதில் பழைய எருசலேம் தெரிகிறது. நடுவில் கெதரோன் பள்ளத்தாக்கு. இங்கிருந்து ஊரைப் பார்க்கலாம், ஊருக்கு இங்கே அழுவது கேட்காது. யாருக்காக அழுதாரோ அவர்கள் காதில் விழாத இடத்தில் அழுதார். மிரட்டுவதற்காக அழுகிறவர் தேர்ந்தெடுக்கும் இடம் இதுவல்ல.

ஆனாலும் லூக்கா எழுதிவிட்டார். ஊருக்குக் கேட்காதது உலகத்துக்கே கேட்டுவிட்டது. பிறகு வந்த நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் அந்தக் கண்ணீரையே யூதர்மேல் குற்றப்பத்திரிகையாக வாசித்தார்கள். அழுதவரும் ஒரு யூதர், எரேமியாவைப் போலச் சொந்த மக்களுக்காகக் கலங்கியவர் என்பது வசதியாக மறந்துபோனது. ஊர் முற்றுகையிடப்பட்டுத் தரைமட்டமாகும் என்று அதே மூச்சில் சொல்கிறாரே, அது சாபமில்லையா என்பார்கள். கி.பி. 70இல் தீத்துவின் படை எருசலேமை அழித்தது. லூக்கா எழுதியது அதற்குப் பிறகுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படியே இருக்கட்டும். முடிவு தெரிந்த ஒருவர் எழுதும்போது, ‘அன்றே சொன்னேனே’ என்ற தொனி எவ்வளவு சுலபமாக வந்திருக்கும்! அவர் இயேசுவின் வாயில் அதை வைக்காமல், கண்ணில் நீரை வைத்தார்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு அடுத்த வசனம் வழிமறிக்கிறது. அழுதவர் நேரே ஆலயத்துக்குள் போய் வியாபாரிகளை விரட்டுகிறார். பலவந்தத்தைக் கைவிட்டதன் அடையாளம் அந்த அழுகை என்றால், இது என்ன? அழுகையின் தொடர்ச்சியா, அழுது தீர்ந்த பிறகு வந்த வேறொன்றா? இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்துவிட்டேன், எதுவும் முழுதாக ஒட்டவில்லை. உள்ளே நுழையும்போது அவர் முகம் காய்ந்திருந்ததா என்று லூக்கா எழுதவில்லை.